நெடுந்தீவு: காண வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

(வெள்ளி விழாவையொட்டி நமது பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது வெள்ளி விழா நிகழ்ச்சிகளுள் ஒன்றாக, 'அவசியம் பார்க்க வேண்டிய ஓர் இடம்' என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். வேளாங்கண்ணியைப் பற்றிப் பேசலாம். ஆனால் மேடவாக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகவே போய் வந்தவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். கொடைக்கானலைப் பற்றிப் பேசலாம். அங்கே எந்த ஓட்டலில் பூரி நன்றாயிருக்கும் என்பதை நீங்கள்தான் நமக்குச் சொல்லித்தர வேண்டும். ஆகவே, உங்களில் பெரும்பாலோர் பெயரை மட்டும் கேட்டிருக்கும் ஓர் இடத்துக்கு இன்று உங்களை அழைத்துச் செல்ல எண்ணுகிறோம்.

'நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது' என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அதனால் நெடுந்தீவு என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கடலில் ஒரு கோடு, ஒரு ரோந்துக் கப்பல், கைகட்டி நிற்கும் நம் மீனவர்கள். ஆனால் நெடுந்தீவு ஒரு கோடு அன்று. அது ஓர் ஊர். அங்கே பள்ளிக்கூடம் உண்டு, மருத்துவமனை உண்டு, கோயில்கள் உண்டு, நம்முடைய தேவாலயங்கள் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறக்குறைய 4000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் பேசுவது நாம் பேசும் அதே தமிழ்.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் இருக்கிறது இத்தீவு. நீளம் சுமார் 8 கிலோமீட்டர், அகலம் மிகுந்த இடத்தில் 6 கிலோமீட்டர். மலை இல்லை, ஆறு இல்லை, எங்கும் சமதரை. பனையும் புல்லும் முட்புதரும் நிறைந்த வறண்ட பூமி. போர்த்துக்கீசர் இதனைப் 'பசுக்களின் தீவு' என்று தம் மொழியில் அழைத்தார்கள் என்றால், மேய்ச்சலுக்குப் பேர்போன இடம் என்பது விளங்கும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இங்குள்ள தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். ஒன்று ஆம்ஸ்டர்டாம், ஒன்று லெய்டன், இது டெல்ஃப்ட். மற்றப் பெயர்கள் காற்றோடு போயின. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நிற்கிறது. ஊர் மக்களுக்கோ அது என்றும் நெடுந்தீவுதான்.

சரி, எப்படிப் போவது? சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் 2019இல் தொடங்கி, பெருந்தொற்றில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கலாயிற்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் கடல் நடுவே போட்ட சாலையில் பஸ் செல்லும். அந்தச் சாலை முடியும் இடம் குறிகட்டுவான் துறை. அதற்கு அப்பால் சாலை இல்லை, படகுதான். ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம்.

தீவு தரும் முதல் பாடம் இந்தத் துறையிலேயே தொடங்கிவிடுகிறது. தாம்பரம் பஸ் தவறினால் பத்து நிமிடத்தில் அடுத்த பஸ் வரும். வராவிட்டால் ஷேர் ஆட்டோ வரும். இங்கே படகு தவறினால் அன்றைய நாளே தவறிவிடும். நமக்கு அது ஒரு நாள் சங்கடம். தீவில் இருப்பவர்களுக்கோ அதுவே வாழ்க்கை. அரிசி மூட்டையும் சிமெண்டும் மருந்தும் படகில்தான் வர வேண்டும். பெரிய வைத்தியம் வேண்டுமானால் நோயாளி படகில்தான் போக வேண்டும். கடல் சீறினால் எல்லாம் நிற்கும். ஆகவே நெடுந்தீவில் முதலாவதாகக் காண வேண்டியது படகு என்று சொல்லுவோம். படகைப் பார்க்கத் தெரிந்தவனுக்கே தீவைப் பார்க்கத் தெரியும்.

அந்தப் படகுகளுள் ஒன்றின் பெயர் குமுதினி. பல்லாண்டுகள் தீவுக்கும் வெளியுலகுக்கும் பாலமாக ஓடிய படகு. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குற்றச்சாட்டு கடற்படையினர் மீது எழுந்தது. ஆண்டுதோறும் மே 15இல் தீவு மக்கள் அவர்களை நினைவுகூர்கிறார்கள். அவர்களுக்காக எழுப்பிய நினைவிடமும் அங்கே உண்டு. கோட்டையைப் பார்க்கும் முன் அங்கே ஒரு நிமிடம் நின்று, அந்த ஆன்மாக்களுக்காகச் செபிப்பது நமது கடமை.

இனி, ஊருக்குள் நடப்போம். கண்ணில் முதலில் படுவது வேலிகள். நமது ஊரில் முள்வேலி, யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி, இங்கோ கல்வேலி. கடல் தந்த பவளக் கற்களை, சாந்தும் பூசாமல் சிமெண்டும் வைக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவராக்கியிருக்கிறார்கள். கல்லோடு கல் பொருந்துவதுதான் அதன் பலம். மரம் அரிதான ஓரிடத்தில் இருப்பதை வைத்து வாழக் கற்ற மக்களின் கைவேலை அது. வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் கோட்டையைத்தான் படம் எடுப்பர். ஆனால் அந்தக் கோட்டையும் இதே பவளக் கல்லால்தான் கட்டப்பட்டது. இன்று அது இடிபாடு. சாதாரணக் குடியானவனின் கல்வேலியோ இன்னும் நிற்கிறது. ஆள வந்தவர்கள் போனார்கள், அடுக்கி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்நாளில் செய்தி அனுப்பப் புறாக்களை வளர்த்த புறாக்கூட்டுக் கோபுரம் ஒன்றும் இருக்கிறது. தொலைபேசி இல்லாத காலத்தில் புறாவும் ஒரு படகுதான் எனலாம். தெற்குக் கரையில், மாலுமிகளுக்கு வழிகாட்டத் தீ மூட்டிய பழைய கோபுரம் ஒன்று உண்டு.

அடுத்து, பெருக்கமரம். ஆப்பிரிக்காவில் பிறந்த இனம். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லுவார்கள். யானைக்கால் போலப் பருத்த அடிமரம். அதிலே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. குழந்தைகள் அதனுள் புகுந்து விளையாடாமல் திரும்ப மாட்டார்கள். இம்மரம் மழைநாளில் தண்ணீரைத் தன் உடம்பில் தேக்கி வைத்துக் கோடையைத் தாண்டும் வகையைச் சேர்ந்தது. வறண்ட தீவில் எப்படி வாழ்வது என்பதை அது வாய் திறவாமல் போதிக்கிறது.

இப்போது எல்லாரும் எதிர்பார்க்கும் குதிரைகளுக்கு வருவோம். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் வளர்த்துப் பெருக்கிய மட்டக் குதிரைகளின் சந்ததி, எசமானர்கள் போனபின் கடிவாளம் இன்றி, லாயம் இன்றி, வெட்டவெளியில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. மாரி மழைக்குப் பின் புல் பச்சையாயிருக்கும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் அவற்றைக் காண்பது கண்கொள்ளாக் காட்சி. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் இந்தக் குதிரைகள் தண்ணீர் இன்றிச் செத்து விழுந்திருக்கின்றன. படத்தில் அழகாயிருப்பவை, கோடையில் ஒரு வாளி நீருக்கு ஏங்குபவை.

ஆகவே இரண்டாவதாகக் காண வேண்டியது தண்ணீர். சாராப்பிட்டி என்னும் இடத்தில் ஒல்லாந்தர் காலத்து நன்னீர்க் கிணறுகள் உள்ளன. இதுபோன்ற சுண்ணாம்புக் கல் தீவில் மழைநீர் மண்ணுள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. தயிரின் மேல் ஆடை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக மொண்டால் ஆடை கிடைக்கும். அவசரப்பட்டு ஆழமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. இதை மேடவாக்கத்துக்காரருக்கு விளக்க வேண்டுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நம் வாசலில் இருக்கிறது. ஏரிகள் நாற்புறமும் இருந்தன. இருந்தும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். சோலையார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. நமக்கு ரயில் வந்தது. தீவுக்கு ரயில் வராது. அங்கே கிணற்றைக் காப்பாற்றுவது உயிரைக் காப்பாற்றுவதற்குச் சமம்.

இந்த மண்ணோடு நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. தமிழுக்கு உலகெங்கும் மேடை அமைத்துத் தந்த சேவியர் தனிநாயகம் அடிகளாரை அறிவீர்கள். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமாயிருந்தவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முன்னின்றவர். நம் நாட்டில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாகப் பணியாற்றியவர். அவர் பிறந்தது ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொன் என்றாலும், தந்தையாரின் ஊர் நெடுந்தீவே. நாம் 'ஒதுக்குப்புறம்' என்று நினைக்கும் இடத்தில் வேர்கொண்ட குடும்பம்தான் உலகத் தமிழரை ஒரே பந்தலுக்குள் கூட்டிய ஒருவரைத் தந்தது.

கச்சத்தீவைச் சொல்லாமல் விட முடியாது. 285 ஏக்கர் பரப்புள்ள, குடிநீரும் குடிகளும் இல்லாத அத்தீவில் இருப்பது புனித அந்தோணியார் ஆலயம் ஒன்றே. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது இலங்கையின் பக்கம் சேர்ந்தது. எனினும் இந்திய யாத்திரிகர் பயணப் பத்திரமோ விசாவோ இன்றி வந்துபோகலாம் என்றும் அதே உடன்படிக்கை கூறுகிறது. தவக்காலத்தை ஒட்டி நடக்கும் அந்த இரண்டு நாள் திருவிழாவை முன்னின்று நடத்துபவர் நெடுந்தீவுப் பங்குத்தந்தை. கொடியேற்றம், சிலுவைப் பாதை, தேர்ப்பவனி, மறுநாள் திருப்பலி. இரு கரைத் தமிழரும் ஒரே மணலில் முழந்தாளிடும் நாள் அது. போரினால் பல்லாண்டுகள் நின்று, பின்பு மீண்டும் நடக்கலாயிற்று. 2016இல் புதிய ஆலயமும் எழுந்தது.

ஆனால் 2024ஆம் ஆண்டு நம் பக்கத்து யாத்திரிகர்கள் போகவில்லை. கைதான விசைப்படகு ஓட்டுநர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அவர்கள் வேதனை நியாயமானது. வீட்டுத் தலைவன் சிறையில் இருக்கும்போது திருவிழா இனிக்குமா? ஆயினும் மறுகரைக் குரலையும் கேட்க வேண்டும். நம் கரையிலிருந்து போகும் இழுவை மடிகள் கடலின் அடியை வழித்துக்கொண்டு போகின்றன. நெடுந்தீவு மீனவர் கடன்பட்டு வாங்கிப் போட்ட வலைகள் அவற்றில் சிக்கி அறுகின்றன. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. இரு பக்கமும் ஏழைகள், இரு பக்கமும் தமிழர்கள், பலர் இரு பக்கமும் ஒரே திருச்சபையின் பிள்ளைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவரையில் இந்த வழக்குத் தீராது. முகம் பார்ப்பதற்கு நமக்குக் கிடைத்த ஒரே முற்றம் அந்தோணியார் முற்றம். அதையும் மூடிவிட்டால் வேறு எங்கே சந்திப்பது?

'சாமி, சுற்றிப் பார்க்கப் போகிற இடத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?' என்று சிலர் நினைக்கலாம். அதற்கு விடையாக வெகு தொலைவிலிருந்து இரண்டு தீவுகளைக் காட்டுகிறோம். இரண்டும் ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்தவை.

ஒன்று செயின்ட் கில்டா, அட்லாண்டிக் கடலில் ஒற்றையாய் நிற்பது. பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்த தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களில் சுற்றுலாக்காரர்கள் வந்திறங்கி, அம்மக்களை ஏதோ கண்காட்சிப் பொருள் போல வேடிக்கை பார்த்துச் சென்றார்கள். நோய்களும் வந்தன, இளைஞர்கள் ஒவ்வொருவராய் வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் தாங்களே அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டு, 1930 ஆகஸ்டு 29ஆம் நாள் கப்பலேறினார்கள். அன்று எஞ்சியிருந்தவர்கள் 36 பேர். போகுமுன் வீடுகளில் வேதாகமத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் தானியமும் வைத்துவிட்டுச் சென்றார்கள் என்பார்கள். இன்றும் பயணிகள் அத்தீவுக்குப் போகிறார்கள். அவர்கள் பார்ப்பது கூரையிழந்த கல்வீடுகளை.

மற்றொன்று எய்க் தீவு. அங்கேயும் தேய்வு இருந்தது. நிலம் முழுவதும் தனியார் ஒருவரின் சொத்தாயிருந்தது. 1997இல் தீவு மக்கள் நன்கொடை திரட்டி, ஓர் அறக்கட்டளை மூலம் தங்கள் தீவைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். 2008இல் காற்று, வெயில், ஓடைநீர் மூன்றிலிருந்தும் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்கினார்கள். ஒரு வீடு இத்தனைதான் இழுக்கலாம் என்று வரம்பும் வைத்துக்கொண்டார்கள். மக்கள்தொகை தேய்வது நின்று, ஏறத் தொடங்கியது.

நெடுந்தீவு இவ்விரண்டில் எந்த வழியில் போகும்? போரும் புலம்பெயர்வும் அதன் பிள்ளைகளைக் கொழும்புக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டுசென்றுவிட்டன. மறுபுறம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின்திட்டம் அமைக்க இந்திய அரசு நன்கொடை அளிக்க முன்வந்து, 2024 மார்ச்சில் அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. படகும் நீரும் மின்சாரமும் ஒழுங்காயிருந்தால் பிள்ளைகள் தங்குவார்கள். பிள்ளைகள் தங்கினால் ஊர் இருக்கும். அங்கே போகும் பயணி, ஊர் இருப்பதற்கு ஒரு கை கொடுக்கலாம். அல்லது ஊரைக் காட்சிப்பொருள் ஆக்கலாம்.

ஆகவே, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, குடிநீரை உடன் கொண்டுபோங்கள். காலிப் புட்டிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தீவில் எறிந்த குப்பையை ஏற்றிச் செல்ல லாரி வராது.

இரண்டாவது, சுற்றிப் பார்க்க ஊர்க்காரரின் ஆட்டோவையே அமர்த்துங்கள். மதியச் சாப்பாட்டை முன்னதாகச் சொல்லிவைத்து ஊரிலேயே உண்ணுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பொட்டலம் கட்டிப்போய், அங்கே தின்றுவிட்டு, காகிதத்தை மட்டும் போட்டுவிட்டு வருபவர்களால் அந்த ஊருக்கு ஒரு சல்லியும் சேராது.

மூன்றாவது, கல்வேலியிலிருந்து ஒரு கல்லையும் நினைவுப் பொருளாக எடுக்காதீர்கள். பெருக்கமரத்தில் பெயர் செதுக்காதீர்கள். குதிரைகளைப் படத்துக்காக விரட்டாதீர்கள். கோடையில் அவற்றின் ஓட்டம் ஒவ்வொன்றும் ஒரு மிடறு தண்ணீர்.

நான்காவது, படகில் இடம் குறைவானால், மருத்துவமனைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் முதலில் ஏறட்டும். நமக்கு அது உல்லாசம். அவர்களுக்கு அது அவசரம்.

ஐந்தாவது, முடிந்தால் ஓர் இரவு தங்கி, காலையில் அவர்களோடு திருப்பலி காணுங்கள். கப்பல் உடைந்து மால்டா தீவில் கரையேறிய சின்னப்பருக்கு, மழையிலும் குளிரிலும் தீ மூட்டி வரவேற்றவர்கள் முன்பின் அறியாத தீவு மக்களே. தீவுக்காரரின் விருந்தோம்பலை நமது மறைநூலே பதிந்து வைத்திருக்கிறது. ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதையும் மறவாதீர்கள்!

பெரியோர்களே, இந்த வெள்ளி விழாவில் நாம் எதைக் கொண்டாடுகிறோம்? வளர்ச்சியை. ஞாயிறு திருப்பலிக்கு உள்ளே இடமின்றி வெளியே நாற்காலி போடுகிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் இங்கே புதிதாக வந்து அமரும் குடும்பம் ஒவ்வொன்றும், தூத்துக்குடிப் பக்கமோ குமரிப் பக்கமோ திருச்சிப் பக்கமோ ஏதோ ஒரு கிராமத்துக் கோயிலில் ஓர் இடத்தைக் காலியாக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறது. அங்கே மணி அடிக்க ஆளில்லை, கிணறு தூர்ந்துகொண்டிருக்கிறது, தாய் தந்தையர் தனியே இருக்கிறார்கள். நெடுந்தீவு கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை. நம்மில் பலருடைய சொந்த ஊரும் ஒரு நெடுந்தீவுதான். போய்வரப் படகு தேவையில்லை என்பதே வித்தியாசம்.

எனவே இளைஞர் மன்றத்தார் அடுத்த பிப்ரவரியில் நெடுந்தீவுக்குப் பயணம் ஏற்பாடு செய்வதானால் நமது முழு ஆசீரும் உண்டு. பாஸ்போர்ட்டுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். அதற்குமுன், வரும் பொங்கல் விடுமுறையில், ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த ஊருக்குப் போய், பழைய கோயிலில் ஒரு பூசை கண்டு, அந்த ஊர்க் கிணற்றில் ஒரு குடம் மொண்டு குடித்துவிட்டு வாருங்கள். தண்ணீர் எப்படி இருந்தது என்று திரும்பி வந்ததும் நம்மிடம் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக. வணக்கம்.